வெப் டிசைனிங் படிக்க வேண்டுமா? கட்டணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்



நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி விண்ணப்பங்களில் "வெப் டிசைனிங் கோர்ஸ்" என்ற பெயர் இப்போது அடிக்கடி இடம்பெறுகிறது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளை, டிப்ளமோ முடித்து வேலை தேடும் பிள்ளை, டிகிரி முடித்து வீட்டில் இருக்கும் பெண் பிள்ளை என்று பலரும் கேட்கிறார்கள். திருச்சியிலோ சென்னையிலோ ஒரு தனியார் பயிற்சி நிலையம், பல ஆயிரம் ரூபாய் கட்டணம், விடுதிச் செலவு தனி. உதவித்தொகை போதாவிட்டால் நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடுகிறோம் என்று சில தாய்மார்கள் சொல்லும்போது எங்களுக்கு மனம் கனத்துப் போகிறது. பிள்ளையின் படிப்புக்காக வட்டியில் போய் விழ வேண்டிய நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. அதிலும் இந்தப் படிப்புக்கு அந்த நிலை வரவே தேவையில்லை.

காரணம் எளிது. இணையப்பக்கம் வடிவமைக்கக் கற்பதற்கு வேண்டிய பாடம், பயிற்சி, கருவி எல்லாமே இன்று காசில்லாமல் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி நம் தாய்மொழியிலேயே கிடைக்கிறது. எவை அவை, எந்த வரிசையில் படிப்பது, படித்தது போதுமா என்று எப்படிச் சோதிப்பது, பணம் கட்டலாம் என்றால் எப்போது கட்டலாம் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

இவ்வளவும் ஏன் இலவசம்?

"சும்மா கிடைப்பது தரமாக இருக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இணையத்தின் பிறப்பிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உள்ள செர்ன் என்ற அணு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், விஞ்ஞானிகள் தங்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழியை 1989ல் முன்மொழிந்தார். 1991ல் அது வெளியுலகுக்கு வந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று, இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. காப்புரிமை கேட்டு விற்றிருந்தால் நம் கையில் இருக்கும் கைபேசி வரை இணையம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

1994ல் பெர்னர்ஸ்-லீ தொடங்கிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, இணையப்பக்கம் எழுதுவதற்கான விதிகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறது. எந்த இணையதளத்தையும் கணினியில் திறந்து, மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி "இன்ஸ்பெக்ட்" என்பதைத் தேர்ந்தால், அந்தப் பக்கத்தின் எழுத்துக் கட்டுமானம் கண்முன் விரியும். பல தொழில்களில் அடுத்தவர் வேலையின் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. இந்தத் தொழிலிலோ உலகத்தில் உள்ள ஒவ்வொரு பக்கமும் நமக்கு ஒரு பாடப்புத்தகம்.

மூன்று மொழிகள், ஒரு நிக்காஹ் அழைப்பிதழ்

இணையப்பக்கம் என்பது மூன்று மொழிகளால் ஆனது. நமக்குத் தெரிந்த ஒரு பொருளை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு நிக்காஹ் அழைப்பிதழை எடுத்துக்கொள்ளுங்கள்.

மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், நாள், நேரம், மண்டபம், வலீமா விருந்து நடக்கும் இடம் ஆகியவை அதன் விஷயம். எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று இவற்றை வரிசைப்படுத்திக் கொடுப்பது எச்.டி.எம்.எல். என்ற மொழி.

அதே வாசகத்தை அச்சகத்தில் பச்சை அட்டையில் தங்க எழுத்திலும் அடிக்கலாம், வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்திலும் அடிக்கலாம். நிறம், எழுத்தின் அளவு, ஓரம், இடைவெளி ஆகிய தோற்றத்தைக் கவனிப்பது சி.எஸ்.எஸ். என்ற மொழி. இதன் முதல் பதிப்பு 1996ல் வெளியானது.

கைபேசியில் வரும் அழைப்பிதழில் மண்டபத்தின் பெயரைத் தொட்டதும் வரைபடம் திறப்பது, "வருகிறேன்" என்று அழுத்தினால் பதிவாவது போன்ற செயல்களைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். இது 1995ல் உருவானது.

முதல் இரண்டையும் நன்றாகக் கற்றுக்கொள்ளாமல் மூன்றாவதற்குத் தாவுவதுதான் பிள்ளைகள் பாதியில் நின்றுபோக முக்கியக் காரணம். விஷயமும் தோற்றமும் எப்படித் தனித்தனியே நிற்கின்றன என்பதைக் கண்ணால் காண, "சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்" என்ற தளத்தைத் தேடிப் பாருங்கள். 2003ல் டேவ் ஷே என்பவர் தொடங்கியது. அங்கே வாசகம் ஒன்றுதான். சி.எஸ்.எஸ். கோப்பை மட்டும் மாற்றி, பல வடிவமைப்பாளர்கள் அதையே விதவிதமான பக்கங்களாக ஆக்கியிருக்கிறார்கள். ஒரே அழைப்பிதழை நூறு அச்சகத்தார் நூறு விதமாக அடித்தது போல இருக்கும்.

தமிழில் எங்கே தொடங்குவது?

தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

கணியம்: 2012 முதல் கணினி நுட்பங்களைத் தமிழில் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமையோடு வெளியிட்டு வரும் தன்னார்வலர்களின் முயற்சி இது. "எளிய தமிழில்" என்று தொடங்கும் பெயர்களில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். முதலியவற்றுக்கு மின்னூல்கள் உண்டு. தரவிறக்கிக்கொண்டால் பிறகு இணைய இணைப்பு இல்லாமலே படிக்கலாம்.

ஸ்போக்கன் டுடோரியல்: மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் திட்டம். சுமார் பத்து நிமிடம் ஓடும் சிறு பாடங்கள். திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறு பாதியில் நாமும் கூடவே செய்து பார்க்க வேண்டும் என்பது இதன் முறை. பல பாடங்களுக்குத் தமிழ் ஒலி உண்டு. படங்களைத் திருத்த உதவும் கிம்ப், சின்னங்கள் வரைய உதவும் இங்க்ஸ்கேப் ஆகிய இலவச மென்பொருள்களையும் இங்கே கற்கலாம். வடிவமைப்பாளருக்கு இரண்டும் வேண்டும்.

யூடியூப்: "டியூட்டர் ஜோஸ்", "எரர் மேக்ஸ் கிளெவர்", "லாஜிக் ஃபர்ஸ்ட் தமிழ்" போன்ற அலைவரிசைகளில் தமிழில் விளக்கும் பாடங்கள் உள்ளன. ஒன்றைத் தேர்ந்து அதன் பாட வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்று மாறினால் முதல் பாடத்தையே பத்துத் தடவை பார்த்ததுதான் மிச்சமாகும்.

நான் முதல்வன்: தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய திறன் பயிற்சித் திட்டம். நமதூர் அரசு பாலிடெக்னிக்கிலோ, அரியலூர், பெரம்பலூர், திருச்சி கல்லூரிகளிலோ படிக்கும் பிள்ளைகள், இந்தத் திட்டத்தின் கீழ் தங்கள் துறைக்கு என்னென்ன பயிற்சி இருக்கிறது என்று கல்லூரியிலேயே கேட்டறிய வேண்டும். வாசலில் இருக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு வெளியூரில் பணம் கட்ட வேண்டாம்.

ஆங்கிலத்தில் நான்கு தளங்கள் போதும்

இந்தத் துறையில் ஆங்கிலம் வாசிக்காமல் நெடுந்தூரம் போக முடியாது. ஆனால் இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. ஒரு சில நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் மாதத்தில் பழகிவிடும்.

டபிள்யூ3ஸ்கூல்ஸ்: 1998ல் நார்வே நாட்டில் தொடங்கியது. சிறு சிறு பாடம், பக்கத்திலேயே எழுதிச் சோதிக்கும் பெட்டி. கைபேசியிலும் வேலை செய்யும். முதல் மாதத்துக்கு ஏற்றது. பெயர் ஒத்திருந்தாலும் மேலே சொன்ன வலைக் கூட்டமைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எம்.டி.என்.: ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லா 2005 முதல் நடத்திவரும் தளம். தொழிலில் இருப்பவர்கள் சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கும் அகராதி போன்றது. புதியவர்களுக்கென்றே தனிப் பாடப்பகுதியும் உண்டு. எந்தக் கட்டளை எதற்கு என்பதற்கு இங்கே உள்ள விளக்கத்தையே கடைசிச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரீகோட்கேம்ப்: 2014ல் தொடங்கி நன்கொடையில் இயங்கும் லாபநோக்கற்ற அமைப்பு. இங்கே வாசிப்பதைவிடச் செய்வதே அதிகம். ஒவ்வொரு படியிலும் நாம் எழுதியதைத் தளமே சோதித்து, சரியானால்தான் அடுத்த படிக்கு விடும். கருத்துக்கேட்புப் படிவம், நம் திறமையைக் காட்டும் அறிமுகப் பக்கம் போன்றவற்றை நாமே கட்டி முடித்தால் இலவசச் சான்றிதழும் உண்டு.

வெப்.டெவ்: கூகுள் நடத்துவது. அடிப்படை தெரிந்த பிறகு வேகம், கைபேசித் தோற்றம், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் விதம் ஆகியவற்றில் தேர்ச்சி பெற இங்கே வரலாம்.

கருவிகளுக்கும் செலவில்லை. எழுதுவதற்கு வி.எஸ்.கோட் என்ற மென்பொருள், உலாவியிலேயே எழுதிப் பார்க்கக் கோட்பென், பக்கத்தை முன்கூட்டியே வரைந்து பார்க்க ஃபிக்மாவின் இலவச வகை அல்லது பென்பாட், முடித்த பக்கத்தை உலகம் பார்க்க ஏற்றிவைக்க கிட்ஹப் பேஜஸ். வீட்டில் அரசு கொடுத்த மடிக்கணினி தூசி படிந்து கிடந்தால் அதுவே போதும். கணினி இல்லாத பிள்ளைகள் முதல் சில வாரங்களைக் கைபேசியில் ஓட்டலாம். அதற்கு மேல் விசைப்பலகை உள்ள கணினி கட்டாயம் வேண்டும்.

நல்ல பக்கம் எது? சோதிக்கும் முறை

பளபளப்பாக இருப்பதால் மட்டும் ஒரு பக்கம் நல்ல பக்கமாகிவிடாது. பார்க்க வருபவர் தேடி வந்த விஷயத்தைத் தடுமாறாமல் கண்டுபிடித்தால் அது நல்ல பக்கம்.

நம் அரியலூர் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். தேசியத் தகவலியல் மையம் அரசுத் தளங்களுக்கென உருவாக்கிய பொதுச் சட்டகத்தில் அமைந்தது. அதைக் கணினியிலும் கைபேசியிலும் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். அகலமாக விரிந்திருந்த பட்டியல் கைபேசியில் எப்படி மடிந்து கொள்கிறது? தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எப்படி மாறுகிறது? கண்பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்க என்ன வசதி இருக்கிறது? திரைக்கேற்ப வளைந்து கொடுக்கும் இந்த அமைப்புக்கு 2010ல் ஈத்தன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பெயர் சூட்டி விளக்கினார். இன்று அது இல்லாத பக்கத்தை யாரும் ஏற்பதில்லை.

தாம் கட்டிய பக்கத்தைப் பிள்ளைகள் நான்கு விதமாகச் சோதிக்க வேண்டும்.

1. வலைக் கூட்டமைப்பின் "வேலிடேட்டர்" பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் எச்.டி.எம்.எல். பிழைகளை வரி எண்ணோடு காட்டும்.

2. குரோம் உலாவிக்குள்ளேயே இருக்கும் "லைட்ஹவுஸ்" என்ற கருவி, வேகம் முதலியவற்றுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடும். மதிப்பெண் குறைவதற்குப் பெரும்பாலும் கைபேசியில் எடுத்த பெரிய படங்களை அப்படியே போடுவதுதான் காரணம். படத்தைச் சுருக்கிப் போட வேண்டும்.

3. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. வெள்ளையில் மஞ்சள் எழுத்து அழகாகத் தோன்றலாம். நம் வீட்டுப் பெரியவர்களால் படிக்க முடியாது.

4. கடைசியாக, கணினி தெரியாத ஒருவர் கையில் கைபேசியைக் கொடுத்து, "இதில் போன் நம்பர் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். எந்த உதவியும் செய்யாமல் பாருங்கள். அவர் தடுமாறும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

தமிழும் அரபியும் சேர்ந்து வரும்போது

நம் ஊர்க் கடைக்கோ மதரஸாவுக்கோ பக்கம் கட்டும்போது தமிழ் எழுத்து வந்தே தீரும். ஆங்கிலப் பாடங்களில் சொல்லித்தராத சில விஷயங்கள் இங்கே இருக்கின்றன.

டி.டி.பி. சென்டர்களில் ஸ்ரீலிபி, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததை அப்படியே இணையத்தில் ஒட்டினால் புரியாத ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் உண்டு. 1995லேயே சிங்கப்பூரின் நா.கோவிந்தசாமி போன்றோர் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார்கள். அவர்கள் பட்ட சிரமத்தை இன்று யூனிகோடு நமக்குக் குறைத்திருக்கிறது.

கூகுள் எழுத்துரு நூலகத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பலூ தம்பி போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. பத்திகளுக்கு முதல் நான்கில் ஒன்று, தலைப்புக்கு மட்டும் தடித்த பலூ தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளமானவை. கொம்பும் காலும் மேலும் கீழும் விரியும் எழுத்துகளும் உள்ளவை. அதனால் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடைவெளி வேண்டும். பொத்தானின் அகலத்தை இத்தனை புள்ளி என்று இறுக்கிப் பூட்டிவிடக் கூடாது.

அரபி வாசகம் வந்தால் அது வலமிருந்து இடமாக ஓட வேண்டும். அந்தப் பகுதிக்கு மொழி அரபி என்றும் திசை வலமிருந்து இடம் என்றும் எச்.டி.எம்.எல்.லில் குறிப்பிட்டால் போதும். இதைச் செய்யாவிட்டால் நிறுத்தக் குறிகளும் எண்களும் இடம் மாறி நிற்கும். பெரிய நகரத்து நிறுவனங்கள்கூடத் தவறவிடும் இடம் இது. நம் பிள்ளைகள் இதைச் சரியாகச் செய்தால் அதுவே ஒரு தனித் தகுதி.

பன்னிரண்டு வாரத் திட்டம்

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். ஃபஜ்ருக்குப் பிறகு உள்ள நேரம் மிகச் சிறந்தது. வீடு அமைதியாக இருக்கும்.

முதல் 3 வாரம்: எச்.டி.எம்.எல். கணியம் நூல், டபிள்யூ3ஸ்கூல்ஸ். முடிவில் ஒரு நிக்காஹ் அழைப்பிதழ் பக்கம், நிறமில்லாமல்.

4 முதல் 7 வாரம்: சி.எஸ்.எஸ். ஃப்ரீகோட்கேம்ப் பாடங்கள். அதே அழைப்பிதழுக்கு மூன்று வெவ்வேறு தோற்றங்கள்.

8, 9 வாரம்: கைபேசித் தோற்றம், தமிழ் எழுத்துரு, மேலே சொன்ன நான்கு சோதனைகள்.

10 முதல் 12 வாரம்: உண்மையான ஒரு வேலை. தெரிந்த மளிகைக்கடை, தையற்கடை, லாரி புக்கிங் அலுவலகம், டியூஷன் வகுப்பு எதுவானாலும் சரி. உரிமையாளரிடம் பேசி, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, ஒரே ஒரு பக்கம் கட்டி, கிட்ஹப் பேஜஸில் ஏற்றுங்கள். அவர் "இது பிடிக்கவில்லை, மாற்று" என்று சொல்வதைக் கேட்டு மாற்றும்போதுதான் படிப்பு தொழிலாக மாறத் தொடங்குகிறது. ஜாவாஸ்கிரிப்ட் இதற்குப் பிறகு.

"ஏ.ஐ. ஒரு நிமிடத்தில் பக்கம் கட்டித் தருகிறதே, இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கட்டித் தருவது உண்மைதான். ஆனால் அது கொடுத்ததில் எது தவறு, கடைக்காரர் கேட்ட மாற்றத்தை எந்த வரியில் செய்வது என்று தெரிய அடிப்படை வேண்டும். முதல் பன்னிரண்டு வாரம் அதைப் பதில் எழுதச் சொல்லாமல், புரியாததை விளக்கச் சொல்ல மட்டும் பயன்படுத்துங்கள்.

பணம் எப்போது கட்டலாம்?

பயிற்சி நிலையங்கள் எல்லாமே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. செய்த வேலையைப் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் கிடைப்பது பெரிய விஷயம். இலவசப் பாடங்களில் கிடைக்காததும் அதுதான். ஆனால் மேலே சொன்ன மூன்று மாதத்தை முடித்த பிள்ளைக்குத்தான் எந்த ஆசிரியரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். முடிக்காத பிள்ளைக்கு இந்தத் துறையில் விருப்பம் இருக்கிறதா என்பதே தெரிந்திருக்காது. அது தெரிவதற்கு முன்பே நகை கடைக்குப் போய்விடக் கூடாது.

சேர்க்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். முன்பு படித்த மாணவர்கள் கட்டிய பக்கங்களைக் காட்டுவீர்களா? செய்த வேலையை யார், வாரத்துக்கு எத்தனை தடவை பார்த்துத் திருத்துவார்? இடையில் நின்றால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், எழுத்தில் தருவீர்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். "நூறு சதவீத வேலை உறுதி" என்ற வாசகத்தை நம்ப வேண்டாம். வேலை கொடுக்கிறோம், முதலில் டெபாசிட் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவது மோசடி. ஓ.டி.பி. எண்ணையும் வங்கி விவரத்தையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

வேலை கொடுப்பவர்கள் சான்றிதழோடு நிற்பதில்லை. "நீ செய்த பக்கத்தைக் காட்டு" என்றும் கேட்பார்கள். இது வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்பதால், வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் தங்கள் பெண் பிள்ளைகளுக்கு இதைத் தாராளமாகக் கற்பிக்கலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அடுப்படி வேலைக்கோ கடை வேலைக்கோ கூப்பிடாதீர்கள். மகனுக்குக் கொடுக்கும் அமைதியை மகளுக்கும் கொடுங்கள்.

இனி வெப் டிசைனிங் கட்டணத்துக்காக உதவி கேட்டு வரும் பிள்ளைகள், தாங்களே கட்டிய ஒரு பக்கத்தையாவது எங்களிடம் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இதை உதவியை மறுக்கும் வழியாக நினைக்க வேண்டாம். அமானிதமாக எங்களிடம் வந்து சேரும் பணம் உரிய இடத்தில் சேர வேண்டும் என்பதற்காகவே. கணினி இல்லாமல் தவிக்கும் பிள்ளைகள், பாடத்தில் எங்கேயாவது சிக்கிக்கொண்ட பிள்ளைகள், அஸர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். எங்களால் இயன்ற உதவியைச் செய்கிறோம், இன்ஷா அல்லாஹ். ஏற்கெனவே இந்தத் துறையில் வேலை பார்க்கும் நமதூர் இளைஞர்கள், உள்ளூரிலோ வெளிநாட்டிலோ இருந்தாலும், வாரத்தில் ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகளின் பக்கங்களைப் பார்த்துத் திருத்திக் கொடுக்க முன்வர வேண்டுகிறோம். பாடம் இணையத்தில் கிடைத்துவிடுகிறது. தவறைச் சுட்டிக்காட்டும் ஒரு அண்ணனோ அக்காவோதான் நம் பிள்ளைகளுக்குத் தேவை.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.